கோம்பிக்குள் படுத்துக் கிடந்த சிலிண்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறைக்கு டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பக்கம் போய் வண்டியிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிடுவது பற்றி உங்கள் தாளில் எழுதியிருந்தீர்கள். கம்பளியிலிருந்து புளிசாதக் கட்டு வரைக்கும் பட்டியல் இருந்தது, கேஸ் சிலிண்டர் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஜூலையில் சாட்ஸ்வொர்த்திலிருந்து மச்சான் குடும்பமும் நாங்களும் ஒரே கோம்பி வேனில் கிளம்பினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி மேடு ஏறும்போது சின்ன மகள் “அப்பா, அழுகின முட்டை நாத்தம்” என்றாள். நாங்கள் டப்பாவில் இருந்த முட்டைக்கறியைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தோம், ஹோவிக் வந்தபிறகுதான் அது கேஸ் நாற்றம் என்று எனக்கு உறைத்தது. ஓரம் கட்டிப் பின்கதவைத் தூக்கினால், 3 கிலோ சிலிண்டர் அரிசிப் பைக்கும் கூடாரத்துக்கும் நடுவே சுகமாகப் படுத்துக் கிடக்கிறது. சிலிண்டர் மேலேயே திருகி மாட்டும் அடுப்புத் தலையைக் கழற்றாமலே மச்சான் ஏற்றியிருக்கிறார், சாமான் இடித்து அதன் திருகு லேசாகத் திறந்துவிட்டது. கேட்டால், “ஜன்னல்தான் திறந்திருக்கே!”

இந்த ஜன்னல் கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, அதில் இருக்கும் புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அது மேலே ஏறி ஜன்னல் வழியாகப் போகாது, தண்ணீர் மாதிரி தரையில் இறங்கி சீட்டுக்கு அடியில் தேங்கும். பக்கக் கதவையும் பின்கதவையும் விரியத் திறந்தால்தான் வெளியே வழியும். 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போக்ஸ்பர்க்கில் பாலத்தடியில் சிக்கிய கேஸ் டாங்கர் வெடித்து 40 பேருக்கு மேல் இறந்துபோய்விட்டார்கள். அது டாங்கர், இது கையடக்கச் சிலிண்டர் என்று மனசு சமாதானம் சொல்லும். சரி, கணக்குப் பாருங்கள். காற்றில் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு கோம்பியின் உள்ளிடத்துக்கு 300 கிராம் கசிந்தால் போதும், அதாவது அந்தச் சின்ன சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு. தரையோடு தேங்கி நிற்பதால் அதைவிடக் குறைவாகவே போதும்.

படுக்கவைப்பதில் இன்னொரு வினை உண்டு. நிமிர்ந்து நின்றால் திரவம் அடியில், ஆவி மேலே, வால்வில் கசிந்தாலும் ஆவிதான் வரும். படுத்துவிட்டால் திரவமே வால்வுக்கு வந்துவிடும், வெளியே வந்த ஒரு கரண்டித் திரவம் 250 கரண்டி கேஸாக விரியும். இப்போது நான் அடுப்பைக் கழற்றி, வாய்க்கு மூடி போட்டு, பழைய பால் கிரேட்டில் நிமிர்த்தி, சுற்றிலும் துண்டு திணித்து, கிரேட்டையே சீட்டுக் காலோடு கயிற்றில் கட்டிவிடுகிறேன். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அதை வெளியே இறக்குவது.

அன்றைக்கு அடுப்பை மறுபடி மாட்டி, பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து, அடுப்பும் சிலிண்டரும் சேரும் இடத்தைச் சுற்றித் தடவினேன். ஒரே இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. கழற்றிப் பார்த்தால் கருப்பு ரப்பர் வாஷர் நகம் பட்ட மாதிரி வெடித்திருந்தது. சில்லறை விலைப் பொருள், யார் மாற்றுகிறார்கள்? தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் பெரியவர்கள் நம் தெருவில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் சோப்புத் தண்ணீரைக் கொடுங்கள்.

நிரப்புகிற இடத்தையும் பாருங்கள். லோட்ஷெடிங் மின்வெட்டுக் காலத்தில் ஊரெல்லாம் கேஸ் அடுப்புக்கு மாறியபோது, பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு ஊற்றிக் கொடுக்கும் ஆட்களும் முளைத்துவிட்டார்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் வெயிலில் திரவம் விரிய இடம் இருக்காது. வெற்றுச் சிலிண்டரின் எடை அதிலேயே பொறித்திருக்கும், அதோடு 3 கிலோ சேர்த்துப் பாருங்கள், அதற்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நான் வீட்டம்மா எடை பார்க்கும் மெஷினில்தான் நிறுத்துகிறேன், திட்டு வாங்கிக்கொண்டு.

மலையில் விடியற்காலைக் குளிரில் அடுப்பு முணுமுணுக்கும், ஏனென்றால் பூஜ்யம் டிகிரி பக்கம் வந்தாலே பியூட்டேன் ஆவியாகாது. உடனே மச்சான் சிலிண்டரை இறைச்சி சுடும் பிராய் நெருப்போரம் தள்ளினார், நான் கத்தியதில் பக்கத்துக் கூடாரமே எழுந்துவிட்டது. வெயில் ஏறும்வரை டீக்குக் காத்திருங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் ராத்திரிதான். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி என்3 சாலையில் எத்தனையோ வண்டிகள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டன. அப்படி ஒரு இரவில் குழந்தை நடுங்கினால், கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைக்கத்தான் கை போகும். கேஸுக்காவது நாற்றம் சேர்த்திருக்கிறார்கள், மூடிய வண்டியில் எரியும் அடுப்பு விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். இன்னும் ரெண்டு கம்பளி எடுத்துப் போங்கள்.

அடுத்த விடுமுறைப் பக்கத்தில் புளிசாதத்துக்குக் கீழே இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். மச்சான் பேப்பர் படிப்பதில்லை, ஆனால் மச்சான் பெண்டாட்டி ஒரு வரி விடாமல் படிப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்