எல்.இ.டி. பலகைகளில் உடையும் தமிழ் எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைவாசல்களிலும் பேருந்துகளிலும் ஓடும் எல்.இ.டி. பலகைகள் சிலவற்றில் 'பெண்கள்' என்பது 'பணெ்கள்' என்று உடைந்து தெரிவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். எங்கள் ஊர் நூலக வாசலில் வைத்த பலகையிலும் இதே குறை இருந்தது. விற்றவரிடம் கேட்டபோது, தமிழ் எழுத்து அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டார். பழியை மொழியின் மீது போடும் அந்தப் பதில் சரியல்ல என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒருங்குறி (யூனிகோட்) முறையில் 'பெ' என்பது முதலில் பகரம், பிறகு கொம்பு என்ற வரிசையிலேயே பதிவாகிறது. கொம்பை முன்னே நகர்த்துவதும், புள்ளியை மெய்யின் தலையில் ஏற்றுவதும் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அந்தத் திறன் இல்லாத கட்டுப்பாட்டுக் கருவி, வந்த வரிசையிலேயே குறிகளை அடுக்கிவிடுவதால் கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், மாணவர் இருவரின் துணையோடு, பலகையை ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினியால் இயக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சொற்றொடரையும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற இலவச மென்பொருளின் உதவியால் முதலில் படமாக வரைந்துகொண்டு, அந்தப் படத்தையே பலகைக்கு அனுப்பினோம். எழுத்து ஒழுங்காக வந்துவிட்டது. ஓரங்களை மழுப்பி வரைந்தால் மங்கிய புள்ளிகளாகத் தெரிகின்றன. ஆகவே எரியும் புள்ளி, எரியாத புள்ளி என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். 16 வரிசைப் புள்ளிகள் கொண்ட பி10 பலகையில் (புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது) 'ணீ', 'தூ' போன்றவை நெருக்கியடித்து நிற்கும் என்பதால், அதே 320-க்கு 160 மில்லிமீட்டர் அளவில் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் 32 வரிசை கொண்ட பி5 பலகைகள் இரண்டைப் பொருத்தினோம்.

இதைச் செய்ய விரும்புவோர் மின்சாரத்தில் கவனமாக இருக்க வேண்டும். இத்தகைய பலகை ஒன்று முழு வெண்மையில் ஒளிரும்போது 5 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியர் வரை இழுக்கும். அதைக் கணினியின் இணைப்பு ஊசிகளிலிருந்து (பின்களிலிருந்து) எடுக்கவே கூடாது, தனி மின்வழங்கி வேண்டும். கணினியின் சமிக்ஞை 3.3 வோல்ட் என்பதால் அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சில்லு ஒன்றையும் இடையே வைக்க வேண்டும். பலகையில் தெரியும் எழுத்து நடுங்கி எங்களை இரண்டு நாள் அலைக்கழித்ததற்குக் காரணம், கணினியின் ஒலி வசதியும் பலகையும் ஒரே நேரக்கணிப்பு வன்பொருளுக்குப் போட்டியிட்டதே. ஒலியை நிறுத்தியதும் நடுக்கம் நின்றது.

பொதுப் பணத்தில் பலகை வாங்கும் ஊராட்சிகளும் பள்ளிகளும், 'செய்தி', 'கோயில்', 'பொன்னி' ஆகிய மூன்று சொற்களைப் பலகையில் ஓட்டிக் காட்டிய பிறகே பணம் தரப்படும் என்ற ஒரு வரியைக் கொள்முதல் நிபந்தனையில் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.