வசுவுக்கு, ரெட்க்ளோக் விஷயமாக

வசு,

பதிலே போடவில்லை என்று மாலதியிடம் புலம்பினாயாமே, கேள்விப்பட்டேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, மாடியில் குடியிருந்தவர்கள் ஒருவழியாகக் காலி செய்துவிட்டார்கள், குட்டிக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, நான் விசாரித்ததாகச் சொல். சரி, நம் ‘ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’ காமிக் விஷயத்துக்கு வருகிறேன்.

"ரெட்க்ளோக் வில்லனே இல்லடி, நியாயம் அவன் பக்கம்தான்" என்று ஒரே ஒரு வரி அனுப்பிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அந்த வரியோடு நான் எவ்வளவு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? ஃபோனில் பேசினால் நீ நடுவில் குறுக்கிட்டு உன் கட்சியையே திரும்பத் திரும்பச் சொல்வாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

ஹாஸ்டலில் ‘ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’ படிக்க ஆரம்பித்தபோது குச்சி மனிதர்களை வைத்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்கிற மாயாஜாலக் கதை விளையாட்டின் விதிகளைக் கிண்டல் பண்ணுகிற வெப்காமிக் என்றுதானே நினைத்தோம். ரிச் பர்லூ அதை 2003இல் தொடங்கினார். நமக்கெல்லாம் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்தும்கூட, ஸ்னார்ல் என்கிற, உலகத்தையே அழிக்கக்கூடிய பூதத்தை அடைத்து வைத்திருக்கிற ஐந்து மந்திர வாசலில் நான்கு உடைந்துபோய், கடைசி ஒன்றின் முன்னால் கதை நின்றுகொண்டிருக்கிறது. செந்தில் இன்னும் வில்லன் கூட்டத்தில் முகமே காட்டாமல் இருட்டுக்குள் இருக்கிற பிராணி என்ன என்கிற பந்தயத்தை விடவில்லை, போன மாதம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஆரம்பித்துவிட்டான். அவன் மட்டுமா, 2012இல் பர்லூ பழைய தொகுதிகளை மறுபதிப்புப் போட 57,750 டாலர் வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார், பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள். அத்தனை பேர் உயிரை விடுகிற கதையில் வில்லனைப் பற்றி ஆளுக்கொரு தியரி இருக்கத்தான் செய்யும். ஆனால் பெரிய வில்லனான மந்திரவாதி ஸைகானைப் பற்றி யாராவது தியரி எழுதுகிறார்களா, பார். எழுத அவனிடம் ஒன்றுமே இல்லை. அவனுக்குக் கொல்லப் பிடிக்கும், கொல்கிறான். எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது அவன் பக்கத்தில் சிவப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற பச்சைத் தோல் கோப்ளின் இனத்துப் பூசாரி ரெட்க்ளோக்கைப் பற்றித்தான்.

நீ இன்னும் ‘ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்’ படிக்கவில்லை என்று எனக்குப் பலத்த சந்தேகம். இணையத்தில் ஓடுகிற தொடரில் அது இல்லை, 2007இல் தனிப் புத்தகமாக வந்த முன்கதை. அதைப் படித்திருந்தால் அந்த வரியை அவ்வளவு லேசாக எழுதியிருக்க மாட்டாய். படிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன், கதை தெரிந்துவிட்டதே என்று கோபித்துக்கொள்ளாதே, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன புத்தகத்துக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

முதலில் நீ சொல்வதில் எதை ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அவனுடைய குறை நூற்றுக்கு நூறு உண்மை. மற்ற இனத்துப் பூசாரிகள் அடித்துக் கொன்று, பலம் கூட்டுகிற அனுபவப் புள்ளி ஏற்றிக்கொள்ளத்தான் தேவர்கள் கோப்ளின்களைப் படைத்தார்கள் என்று அவன் சொல்கிறானே, ஆரம்ப காலத்தில் நாம் விழுந்து விழுந்து சிரித்த விளையாட்டு விதியையே எடுத்து ஒரு இனத்தின் தலையெழுத்தாக ஆக்கிவிட்டார் பர்லூ. அந்த இடத்தில் எனக்குச் சிரித்ததெல்லாம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. கோப்ளின்களின் கடவுளான டார்க் ஒன் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த கோப்ளின் தலைவன். படை திரட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போன இடத்தில் மனித அரசர்கள் அவனைக் கொன்றார்கள். ரெட்க்ளோக் பூசாரியாகப் பட்டம் பெற்ற அதே நாளில் அஜூர் சிட்டி என்கிற மனித நகரத்தின் பாலடின்கள், அதாவது புனித வீரர்கள், அவன் ஊருக்குள் புகுந்தார்கள். அவர்கள் தேடி வந்தது சிவப்பு அங்கி போட்ட தலைமைப் பூசாரியை, வெட்டியது கையில் அகப்பட்ட எல்லோரையும், குழந்தைகள் உட்பட. அம்மா போனாள், தங்கை போனாள். ஒரு கண் போன தம்பி மட்டும் மிஞ்சினான். குரு செத்து விழுந்த இடத்தில் கிடந்த அங்கியை எடுத்து இந்தப் பொடியன் போர்த்திக்கொண்டான். இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை.

ஆனால் குறை உண்மையாக இருப்பதும் அவன் செய்வதற்கெல்லாம் அந்தக் குறைதான் காரணம் என்பதும் ஒன்றா? இங்கேதான் உன்னோடு சண்டை.

தம்பி ரைட்-ஐயைக் கவனி. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் ஸைகானைத் தேடிப் பிடித்தார்கள், வாசலைக் கைப்பற்றி, ஸ்னார்லைக் காட்டி மற்ற தேவர்களை மிரட்டிக் கோப்ளின்களுக்குச் சம இடம் வாங்குகிற டார்க் ஒன்னின் திட்டத்துக்கு வலுவான ஒரு மந்திரவாதி வேண்டுமே. சிறைப்பட்டு, நோயால் மந்திர சக்தியே போய்க் கிடந்த அந்த ஆளை லிச்சாக, அதாவது செத்தும் நடமாடுகிற மந்திரவாதியாக, மாற்றி எழுப்பிவிட்டவன் ரெட்க்ளோக். அதற்கப்புறம்தான் ஸைகான் நாக்கில் காபி ருசி தெரியவில்லை என்று கண்டுபிடிக்கிறான், நீ படித்தால் அந்தப் பக்கத்தில் உனக்கு அவன் மேல் கொஞ்சம் இரக்கம் வரும், அடுத்த பக்கத்தில் போய்விடும். ரைட்-ஐக்கு இதெல்லாம் வெறுத்துப்போய் விலகிப் போகிறான். கல்யாணம் பண்ணிக்கொள்கிறான், ஒரு ஊரை உண்டாக்குகிறான், பக்கத்து மனிதர்களோடு சண்டை சச்சரவு இல்லாமல் பிழைக்கிறான். அண்ணன் அங்கே வந்து தங்குகிறான், கிட்டத்தட்ட மனமும் மாறிவிடுகிறான். அப்போது பார்த்து ஸைகான் திரும்பி வந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறான். தம்பி தன் குடும்பத்தில் பெரும்பாலோரைப் பறிகொடுக்கிறான். பொறுக்க முடியாமல் ஸைகானைக் கொல்லக் கத்தியை எடுக்கிறான். ரெட்க்ளோக் தம்பியைக் கொல்கிறான், வசு. கோப்ளின்களைப் பலி கொடுக்கிற ஒரு மனிதப் பிணத்தைக் காப்பாற்ற, மிச்சமிருந்த ஒரே ரத்த உறவைக் கொல்கிறான்.

அதற்கப்புறம் ஸைகான் பேசுகிற பேச்சு இருக்கிறதே, இந்தக் காமிக் முழுவதிலும் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் அதுதான். தம்பியின் சதி அவனுக்கு முன்பே தெரியும். இனிமேல் நீ என் ஆள், ஏனென்றால் என்னை விட்டுப் போனால் தம்பியைக் கொன்றது வீண் என்று நீயே ஒத்துக்கொண்டதாக ஆகும், அது உன்னால் முடியாது, இதுதான் அவன் சொல்வதன் சாரம். அந்த முட்டாள் எலும்புக்கூட்டுக்கு மந்திர நுணுக்கம் எதுவும் தெரியாது, ஆனால் இதை மட்டும் எவ்வளவு துல்லியமாகப் பார்த்துவிட்டான்!

நமக்குக் கும்பகர்ணனைத் தெரியும், விபீஷணனைத் தெரியும். ஒருவன் அண்ணனுக்காகச் செத்தான், இன்னொருவன் அண்ணனை விட்டுப் போனான். இவன் தம்பியைக் கொன்றுவிட்டு, அந்தக் கொலைக்கு ஒரு அர்த்தம் வேண்டுமென்பதற்காக உலகத்தையே பணயம் வைக்கிறான்.

சிவப்பு அங்கிதான் அவன் புத்தியைப் பிடித்து ஆட்டுகிறது என்று ஒரு கூட்டம் சொல்லும், உனக்கும் தெரியும். எனக்கு அந்தத் தியரி அறவே பிடிக்காது. அப்படியென்றால் அவன் செய்த எதுவுமே அவன் செய்ததில்லை, பேயோட்டினால் போதும் என்று ஆகிவிடும். அங்கி செய்கிற நிஜமான கெடுதல் வேறு. அதைப் போட்டவனுக்கு வயதாவதில்லை. தம்பிக்கு மூப்பு தட்டியது, பிள்ளைகள் பிறந்தார்கள், எது முக்கியம் என்று புரிந்தது. அண்ணன் மட்டும் ஊர் எரிந்த அன்றைக்கு என்ன வயதோ அதே வயதில் நின்றுவிட்டான். முதிர்ச்சி என்பது வருடம் போனால் தானாக வருவதில்லை, உடம்பும் சேர்ந்து தேயவேண்டும் என்று எனக்குப் படுகிறது. ரைட்-ஐயே இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

ரெட்க்ளோக் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஆடுகிறான், ஸைகான்தான் ஏமாளி என்று இன்னொரு கட்சி. அதற்கு ஆதாரம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஸைகானின் உயிர் அடங்கிய ஃபிலாக்டரிக்குப் பதில் போலி ஒன்றைக் கொடுத்து ஏமாற்றி வைத்திருக்கிறான். வாசலைக் கைப்பற்றும் சடங்கின் ரகசியம் தெரிந்துகொண்ட ட்சுகிகோ என்கிற மந்திரக்காரியை அவள் எழுப்பி வளர்த்த பிணங்களை வைத்தே தீர்த்துக் கட்டினான். ஸ்னார்ல் தன் கட்டுப்பாட்டுக்கு வரப்போகிறது என்று ஸைகான் நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் அது டார்க் ஒன் கைக்குத்தான் போகும். சாமர்த்தியசாலிதான். ஆனால் இவ்வளவு சாமர்த்தியமும் எதற்குச் செலவாகிறது? தான் அடிமை இல்லை என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ள.

எனக்குக் கடைசி ஆணி கோபடோபியா என்கிற கோப்ளின் நாடு. அஜூர் சிட்டியைப் பிடித்தபின் கோப்ளின்களுக்கு மதில் சூழ்ந்த சொந்த நகரம் கிடைத்தது, மற்ற நாடுகளோடு பேச்சுவார்த்தை நடத்தும் நிலைமை வந்தது. டார்க் ஒன் எதைக் கேட்கப் போய்ச் செத்தானோ அதில் பாதிக்கு மேல் அங்கே கையில் இருந்தது. இன நலம்தான் அவன் நோக்கம் என்றால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லையே! ஸைகானோடு மிச்சமிருந்த வாசல்களைத் தேடிக் கிளம்பிவிட்டான். திட்டம் தோற்றால் உலகமே அழியும், கோபடோபியாவில் பிறந்த குழந்தைகளும் சேர்த்துத்தான், அது அவனுக்கு நன்றாகவே தெரியும். அழிந்தாலும் பரவாயில்லை, அடுத்த உலகத்தைப் படைக்கும்போது எங்கள் சாமிக்கும் பங்கு இருக்கும் என்கிறான். இப்போது உயிரோடு இருக்கிற கோப்ளின்களைவிட இனிமேல் பிறக்கப்போகிற கோப்ளின்கள்தான் அவனுக்குப் பெரிது, ஏனென்றால் அவர்கள் யாரும் ரைட்-ஐ எங்கே என்று கேட்க மாட்டார்கள்.

அவன் மாறவே மாட்டாத கல் என்றால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்காது. அஜூர் சிட்டி முற்றுகையின்போது ஹாப்கோப்ளின்கள் என்கிற உறவு இனத்தாரைத் தீனி போடுகிற மாதிரி சாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன், அவர்களில் ஒருவன் தன்னைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றிச் செத்ததும் அப்படியே உடைந்து நின்றான், ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து அவர்களைத் தன் ஜனம் என்று நினைத்தான். அப்புறம் ஓ-சுல் என்கிற பாலடின் அவன் கண்ணைப் பறித்தபோது, மந்திரத்தால் சரிசெய்துகொள்ளக்கூடாது என்று ஸைகான் தடுத்துவிட்டான். அதிலிருந்து கண்ணாடியில் பார்த்தால் தம்பி முகம்தான். பர்லூ எவ்வளவு இரக்கமில்லாமல் எழுதுகிறார் பார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் கதாநாயகர்கள் கூட்டத்துக் குள்ளப் பூசாரி டர்கான் அவனிடம் தூது போகிற பகுதியை மறுபடி படித்தேன். இந்த உலகத்துக்கு முன்னால் கணக்கில்லாத உலகங்கள் ஸ்னார்லிடம் அழிந்திருக்கின்றன, மற்ற தேவர்களின் மூன்று நிற சக்தியோடு உன் சாமியின் ஊதா நிற சக்தி நான்காவதாகச் சேர்ந்தால் அதை நிரந்தரமாக அடைக்கலாம், கோப்ளின்களுக்கும் சம இடத்துக்கு வழி பேசலாம் என்று டர்கானின் கடவுள் தோர் சொல்லி அனுப்புகிறார். அவன் ஆயுசு முழுக்க எதைக் கேட்டானோ அதற்கான முதல் வழி பிறக்கிறது. அவன் மாட்டேன் என்கிறான், பேச்சு சண்டையில் முடிகிறது. நான் படித்ததற்கு முந்தின நாள்தான் சித்தப்பா வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம், தோட்டத்தில் பாதி உங்களுக்கே, எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்று. அப்பா ஆரம்பத்தில் கேட்டதே அதுதான் வசு, உனக்குத் தெரியுமே. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். வக்கீலுக்குக் கொடுத்தது, பாட்டி சாவுக்குப் போகாதது, என் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிடாதது எல்லாவற்றுக்கும் யார் பதில் சொல்வது என்று அம்மாவிடம் கேட்டாராம். நான் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. நீ வந்தால் உன்னிடமாவது பேசுவார், உன் பேச்சை எப்போதுமே கேட்பார்.

சரி, இதை மாலதியிடம் சொல்லாதே.

என் கணிப்பைக் கேட்டுக்கொள். தேவர்கள் சொல்லி ரெட்க்ளோக் மாறமாட்டான், குள்ளன் சொல்லியும் மாட்டான், அவர்கள் சொல்வது சரி என்றால் தம்பி சொன்னதும் சரி என்று ஆகிவிடும் அல்லவா? அவனுக்கு யாராவது ஒரு கோப்ளின், ஹாப்கோப்ளின், பக்பேர், அவன் ஜனத்தில் ஒருத்தர், ரைட்-ஐ விஷயம் எங்களுக்குத் தெரியும், தெரிந்தும் உன்னோடு நிற்கிறோம், இப்போதாவது நிறுத்து என்று சொல்ல வேண்டும். பக்பேர் இனத்து ஊனா சொல்வாளோ என்று எனக்கு ஒரு ஆசை. ஸைகானுக்குப் போலி ஃபிலாக்டரி விஷயம் தெரியவரும் அன்றைக்கு ரெட்க்ளோக் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்? நியாயம், அநியாயம் என்று ஒரு வரியில் எழுதாதே, நீளமாக எழுது.

புத்தகத்தை மாலதி ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். ஓரங்களில் பென்சிலில் கிறுக்கியிருப்பேன், அழிக்காதே. செந்தில் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதே, அவன் வாங்கிப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

உன்
தேவகி