எங்கள் வீட்டுக் கயிறு

குலசேகரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

ஓணத்துக்கு முன்னால் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபிக்காதே. அம்மைக்கு மூட்டுவலி தேவலை. மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு பாதி நாள் முடங்கிக் கிடக்கிறது. மற்றபடி சுகம்.

வியாழக்கிழமை விடியற்காலை எங்கள் ரப்பர் விளையில் சிரட்டையில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைத் திருடிய பையனைப் பிடித்துவிட்டார்கள். பத்தொன்பது வயது இருக்கும். சாக்கில் 8 கிலோ. ஆயிரம் ரூபாய் தேறினால் அதிகம். நான் போனபோது அவனை அயனி மரத்தில் கட்டியிருந்தார்கள். எங்கள் பசுவைக் கட்டுகிற கயிறு, மக்கா.

யாரும் வெறிபிடித்து அடிக்கவில்லை. அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. போன வருசம் மோட்டார் களவு போனவர் ஓர் அடி, வாழைக்குலை போனவர் ஓர் அடி, ரப்பர் ஷீட் போனவர் இரண்டு. அவரவர் கணக்கில் சின்ன அடிதான். மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க அங்கே ஆளில்லை. ஊரில் போன பொருளுக்கெல்லாம் சேர்த்து அவன் ஒருத்தன் வாங்கினான். வலது கையில் இரண்டு விரல் ஒடிந்த பிறகுதான் எனக்கு 'போதும்' என்று சொல்ல வாய் வந்தது.

"கையை வெட்டினா எவன்லே களவெடுப்பான்?" என்று ஹாஸ்டலில் விடிய விடிய வாதாடுவாயே. அப்போதும் நீ ஜெயித்ததில்லை, சத்தம்தான் பெரிது! நம் தாத்தாமார் திருவிதாங்கூர் பிரஜைகளாக இருந்தபோதே, 1944இல், அங்கே தூக்குத் தண்டனையை நிறுத்திவிட்டார்கள். இப்போது 2024 ஜூலை முதல் இருக்கிற புதுச் சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, அதுவும் முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. அவனைச் சும்மா விட நான் சொல்லவில்லை. ஒரு மாசம் பள்ளிக்கூடத்தில் புல் செதுக்கட்டும், சரி. கத்தி பிடித்துப் பால் வெட்டிப் பிழைக்க வேண்டிய கையை அல்லவா ஒடித்துவிட்டோம்!

நாளைக்கு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்க்கப் போகிறேன். அடித்தது யார் என்று போலீஸ் கேட்டால் மறைக்க மாட்டேன், கயிறு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். முதல் பெயர் உன் சித்தப்பாவுடையது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் இந்தக் கடிதம். வாங்கியதும் போன் பண்ணு. திட்டுவதென்றாலும் பண்ணு.

உன்,
பழைய ரூம்மேட்