சோத்துப் பானைக்குப் போர்வை

ஸ்டுட்கார்ட்
23.11.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

வேணி எழுதியது. இங்கே நான், அவுக, கதிர் மூணு பேரும் சுகம். அங்கே நீ, ஆச்சி, தம்பி, லெச்சுமியும் அதோட கன்னும் சுகமா இருக்கணும்.

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையே வந்துட்டுது. அஞ்சு வாரமாப் பதில் போடாம இருந்தது என் தப்புதான். வேலை, பிள்ளையோட பள்ளிக்கூடம்னு சாக்குச் சொல்லலாம், உன்கிட்ட எடுபடாது. காலண்டர் தாளோட பின்பக்கத்துல ஓரம்கூட விடாம எழுதியிருந்தே. திருப்பிப் பார்த்தா ஆகஸ்ட் மாசம், கட்டத்துக்குக் கட்டம் பென்சில்ல பால் கணக்கு. அதையும் ஒண்ணு விடாம வாசிச்சேன். 14-ஆம் தேதி அரை லிட்டர் குறைஞ்சிருக்கே, லெச்சுமிக்கு அன்னைக்கு என்ன?

வாரம் தவறாம போன்ல பேசினாலும் ஆச்சி காதுக்கு அது எட்டாது. அதனால இதை அவ பக்கத்துல உக்காந்து உரக்க வாசி. கடைசித் தாளை மட்டும் அப்புறமா நீ தனியா வாசிச்சுக்கோ.

குளிர் எப்படின்னு ஆச்சி கேட்டிருக்கா. இந்த வாரம் காலையில எழுந்தா கார் கண்ணாடி மேலெல்லாம் உப்புப் பூத்த கணக்கா உறைபனி. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிருது. பால்கனிதான் இப்போ எங்களுக்கு ஃபிரிட்ஜ். பால், காய்கறி, மிஞ்சின குழம்பு எல்லாம் வெளியிலதான் இருக்கு. ராத்திரி வச்ச சாம்பார் காலையில கட்டியாக் கிடக்கும். அதைச் சுண்ட வச்சுச் சாப்பிட்டா, கல்யாண வீட்டு மறுநாள் சுண்டக்கறி ஞாபகம்தான் வருது.

கீழ்வீட்டு ஓமாவைப் பத்திப் போன்ல பாதிதான் சொல்லியிருக்கேன். ஓமான்னா இங்கே பாட்டி. கதிர் அப்படித்தான் கூப்பிடுதான். 81 வயசு. வீட்டுக்காரரும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனா இந்தக் கட்டடத்துல இருக்கிற ஆறு குடும்பத்துக்கும் அவதான் மாமியார். இந்த ஊர்ல கேர்வோஹென்னு ஒரு முறை உண்டு. கதவுல ஒரு அட்டை தொங்கும். அட்டை நம்ம கதவுக்கு வந்துட்டா அந்த வாரம் மாடிப்படி, வாசல், தெருவோர நடைபாதை எல்லாம் நாமதான் கூட்டணும். 1492-லயே இந்த ஊரை ஆண்ட பிரபு, அவனவன் குப்பையை வாராவாரம் அப்புறப்படுத்தணும்னு போட்ட சட்டத்துல இருந்து வந்த பழக்கமாம். கொலம்பஸ் கப்பலேறின வருஷம். அவன் அங்கே அமெரிக்காவுல இறங்குதான், இவுக இங்கே தெருவைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காக. இப்போ சட்டம் இல்லை, வாடகைப் பத்திரத்துல மட்டும் எழுதியிருக்கும். ஓமாவுக்கு அது போதும்.

முதல் வருஷம் எங்க கதவுக்கு அட்டை வந்தது ஜனவரியில. நான் நம்ம வழக்கத்துல ஒரு வாளித் தண்ணியை எடுத்துட்டுப் போய் வாசல் தெளிச்சேன். தெளிச்சு முடிச்சுத் திரும்பறதுக்குள்ள அது கண்ணாடியா உறைஞ்சு போச்சு! யாராவது வழுக்கி விழுந்தா நம்ம தலையிலதான் விடியும். ஓமா வீட்டுச் செருப்போட, ஒரு தகர வாளி நிறையப் பொடிக்கல்லை அள்ளிக்கிட்டு ஓடி வந்தா. கோழிக்குத் தீனி போடுறாப்புல அதை வீசிக்கிட்டே என்னைத் திட்டினா பாரு, அப்போ எனக்கு ஜெர்மன் தெரியாததுனால தப்பிச்சேன். அன்னைக்கு ஆரம்பிச்ச சிநேகிதம்தான்.

ஆச்சி, நீ இவளைப் பார்க்கணும். பாத்திரம் அலம்பின தண்ணியை ஒரு பேசின்ல பிடிச்சு வச்சுச் செடிக்கு ஊத்துதா. பற்பசை தீர்ந்ததும் டியூபைக் கத்தரியால ரெண்டா வெட்டி உள்ளே இருக்கிறதை மூணு நாளைக்கு வழிச்சுத் தேய்க்கா. போன கிறிஸ்துமசுக்கு வந்த பரிசு சுத்தின தாளை இஸ்திரி போட்டு, மடிச்சு, இந்தக் கிறிஸ்துமசுக்கு எடுத்து வச்சிருக்கா. மாடிப்படி லைட்டைப் போடவே மாட்டா, கைப்பிடியைத் தடவிக்கிட்டே ஏறுவா. நீ பட்டாசல்ல லைட்டை அணைச்சிட்டு "பேசுறதுக்கு எதுக்குல வெளிச்சம்"னு கேட்பியே, அதே ஆளு வெள்ளைத்தோல்ல வந்து இறங்கியிருக்கு.

இந்தச் சீமைக்காரங்களுக்கே ஷ்வாபியர்னு பேரு. மத்த ஜெர்மன்காரங்க இவுகளைக் கஞ்சன்னு கேலி பண்ணுவாக. 2008-ல உலகத்துல பெரிய பேங்க்கெல்லாம் கவிழ்ந்துச்சே, அப்போ இந்த நாட்டுக்குப் பிரதமர் கணக்கா இருந்த மெர்க்கல் அம்மா இதே ஊர்ல வந்து பேசும்போது, ஒரு ஷ்வாபியக் குடும்பப் பொம்பளையைக் கேட்டிருந்தாப் போதுமே, வரவுக்கு மிஞ்சி ரொம்ப நாள் வாழ முடியாதுன்னு அவ சொல்லியிருப்பாளேன்னு சொன்னாகளாம். அவுக அம்பாசமுத்திரம் பக்கம் வந்தது கிடையாது, இல்லேன்னா ஆச்சி பேரைத்தான் சொல்லியிருப்பாக.

இப்போ பானைக் கதை. போன மாசம் ஒருநாள் மத்தியானம் ஓமா வீட்டுக்குப் போனேன். படுக்கையில யாரோ படுத்திருக்கிற மாதிரி போர்வை மேடா இருந்துச்சு. எனக்குத் திக்குன்னு ஆயிட்டுது. போர்வையை விலக்கிக் காட்டுதா, உள்ளே ஒரு பானை! அரிசியை அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, இறுக மூடி, பழைய பேப்பரைச் சுத்தி, அதுக்கு மேல துண்டைச் சுத்தி, இறகு வச்ச போர்வைக்குள்ள வச்சிருவாளாம். ஒரு மணி நேரத்துல சூட்டுலயே தானா வெந்திரும். யுத்தம் முடிஞ்ச பஞ்சத்துல கரி கிடைக்காதப்போ அவ அம்மா இப்படித்தான் பொங்குவாளாம்.

நானும் செஞ்சு பார்த்தேன். முதல் தடவை தண்ணி கூடிக் குழைஞ்சிட்டுது. ரெண்டாம் தடவை பொன்னி அரிசி, ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி வச்சேன். முல்லை அரும்பா வந்துச்சு அம்மா. அடியும் பிடிக்கலை. கதிர் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து படுக்கையில தொம்முன்னு விழுந்தவன், "அம்மா, மெத்தைக்குக் காய்ச்சல்"னு கத்தினான். இப்போ தோசை மாவுச் சட்டியையும் அதே போர்வைக்குள்ளதான் வைக்கேன், இல்லாட்டி ரெண்டு நாளானாலும் பொங்காது. இங்கே கரண்ட் யூனிட்டுக்கு 40 சென்ட் பக்கம் ஆகுது, நம்ம காசுல 40 ரூபாய்க்குக் குறையாது. முதல் 100 யூனிட் இலவசம்கிற பேச்செல்லாம் இங்கே கிடையாது.

ஹீட்டர்ல 1-ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போட்ட குமிழ் இருக்கு. 3-ல வச்சா 20 டிகிரி. கதிர் ரூம்ல மட்டும் 3. மத்த இடத்துல ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டாப் போதும்னு நாங்களே முடிவு பண்ணியிருக்கோம். ஒரு டிகிரி குறைச்சா நூத்துக்கு 6 மிச்சம்கிறாக. பூமிக்கும் நல்லதுதானே. இதுல ஒரு கொடுமை, இந்தக் குளிர்ல காலையும் ராத்திரியும் அஞ்சு நிமிஷம் ஜன்னலை எல்லாம் மலர்த்தித் திறந்து வைக்கணும். இல்லாட்டி நம்ம சோத்து ஆவிக்குச் சுவரெல்லாம் கறுப்பாப் பூஞ்சை பூத்திரும்னு ஓமா கதவைத் தட்டி ஞாபகப்படுத்துவா. காசு போட்டுச் சூடாக்கின காத்து கண்ணு முன்னாலயே வெளியே போகும். எனக்கு வயிறு எரியும்.

குப்பைக்கு இன்ஸ்பெக்டர் கதிர்தான். காய்த்தோலு ஒரு தொட்டி, காகிதம் ஒண்ணு, பிளாஸ்டிக் கவர் ஒண்ணு, மிச்சம் ஒண்ணு. கண்ணாடி பாட்டில் தெருமுனையில, அதுவும் வெள்ளை, பச்சை, பழுப்புன்னு தனித்தனியா. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடக்கூடாது, சத்தம் வரும். டீத்தூளைத் தப்பான தொட்டியில போட்டேன்னு போன வாரம் என்னை ஒரு மணி நேரம் பேசாம தண்டிச்சான்.

தெருவுல ஜனங்க வேண்டாத சாமானைப் பெட்டியில போட்டு, சும்மா எடுத்துக்கோன்னு எழுதி வாசல்ல வச்சிருப்பாக. கதிரோட பனி பூட்ஸ் அப்படி வந்ததுதான், தேய்மானமே இல்லை. இங்கே அதுல ஒண்ணும் வெட்கம் கிடையாது. அதே மாதிரி, தண்ணி பாட்டில், சோடா டப்பாவைக் கடை மிஷின்ல திருப்பிப் போட்டா 25 சென்ட் வரும். வாங்கும்போது முன்கூட்டியே பிடிச்சுக்கிட்ட காசுதான். சில பேரு அதைக் கூடத் தூக்கிட்டுப் போகச் சோம்பல்பட்டு விட்டுட்டுப் போயிருவாக. எடுக்கிறவுக குப்பைக்குள்ள கைவிட வேண்டாம்னு தொட்டிக்குப் பக்கத்துலயே நிறுத்தி வைக்கிற நல்ல மனசும் உண்டு. அக்டோபர் 12-ஆம் தேதி எங்க கான்ஸ்டாட் திருவிழா முடிஞ்சுது. மறுநாள் நானும் கதிரும் விளையாட்டுக்கு எண்ணிக்கிட்டே போனோம். 47 வந்துச்சு. 11 யூரோ 75 சென்ட். அதுல எண்ணெயும் உளுந்தும் வாங்கினோம், அவனுக்கு ஒரே பெருமை. அந்த வாரத்துல இருந்து ஓமா தன் பாட்டிலை எல்லாம் ஒரு பையில போட்டு எங்க கதவுல மாட்டிட்டுப் போறா. கடை வரைக்கும் தூக்க முடியலையாம். நடைபாதை முழுக்க ஒத்தை ஆளாக் கூட்டுறவ.

இன்னும் பத்து நாள்ல கார்த்திகை. நீங்க ஓலைக் கொழுக்கட்டைக்குச் சொல்லி வச்சாச்சா? சுடலை இப்போ மரம் ஏறுதானா, இல்லே அவன் மகன்தானா? இங்கே பச்சரிசி மாவு கிடைக்குது, கருப்பட்டி நீ கொடுத்து விட்டதுல ஒண்ணரை வட்டு பாக்கி இருக்கு. பனை ஓலைக்கு எங்கே போவேன். கருப்பட்டி வச்சுக் கட்டிக் கொடுத்தியே ஒரு ஓலைக் கொட்டான், அது அலமாரியில இருக்கு. நேத்து அதுல தண்ணி தெளிச்சு, கொஞ்சம் சூடு காட்டி மோந்து பார்த்தேன். வந்துச்சு அம்மா. ரெண்டு மூச்சு வரைக்கும் நம்ம அடுக்களைதான். சொக்கப்பனை கொளுத்துற சத்தம், நீ புறவாசல்ல நின்னு பிள்ளைகளை அதட்டுறது எல்லாம். அவுக வந்து என்ன செய்தேன்னு கேட்டாக. தூசி தட்டுறேன்னு சொன்னேன். ஆச்சி, உன் கழுநீர்ப் பானை இன்னும் தொழுவத்து ஓரத்துலதானே இருக்கு? அதை இடம் மாத்த விடாதே.

ஆச்சிக்கு வாசிச்சது இதோட போதும். அவளுக்கு என் முத்தம்.

அம்மா, இது உனக்கு.

பெரியப்பா தொழுவத்துப் பக்கத்தை நமக்கே விட்டுத் தரேன், ரெண்டு லட்சம் வேணும்னு கேட்கிறதா எழுதியிருந்தே. விடாதே, வேற ஆளு வந்து சுவர் எழுப்பிட்டா லெச்சுமியை எங்கே கட்டுவே? ஆனா முழுசா இப்போ முடியாது. அம்பதாயிரம் கையில கொடுத்து, பெரிய மாமாவைச் சாட்சிக்கு வச்சு எழுதி வாங்கிக்கோ, மீதியைப் பிசான நெல் அறுத்த பிறகுன்னு சொல்லு. அந்த அம்பதாயிரத்துக்கு என் ரெட்டைவடச் சங்கிலியை அடகு வை. சொசைட்டியில வை, கடைவீதிக்குப் போகாதே. விக்க வேண்டாம். மதினிக்குத் தெரிய வேண்டாம்.

தம்பிக்குப் பாபநாசத்துல பார்த்திருக்கிற பொண்ணு வீட்டுல, மாப்பிள்ளையோட அக்கா ஜெர்மனியில இருக்கான்னு முதல் பேச்சுலயே எடுத்து விட்டிராதே. அப்புறம் அவுக வேற கணக்குப் போடுவாக. ஆச்சியோட பித்தளை அண்டாவைப் போட்டு மிக்ஸி வாங்குற யோசனையையும் விடு. கல்யாணத்துக்கு அண்டா வேணும்.

தீபாவளிக்கு அனுப்புறேன்னு சொன்ன பணம் தையிலதான் வரும். அவுக கம்பெனியில யாரையும் வேலையை விட்டு நிறுத்தலை, எல்லாருக்கும் வேலை நேரத்தைக் குறைச்சிருக்காக, அவ்வளவுதான். வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருக்காக. விட்டுப்போற சம்பளத்துல, பிள்ளை இருக்கிறதால நூத்துக்கு 67 அரசாங்கம் கொடுக்குது, பயப்பட ஒண்ணும் இல்லை. போன வருஷ ஹீட்டர் கணக்குக்கு மேற்கொண்டு கட்டச் சொல்லி ஓலை வந்ததுலதான் கொஞ்சம் இடிச்சிட்டுது. ஞாயிற்றுக்கிழமை போன்ல இதைக் கேட்டிராதே, ஸ்பீக்கர்லதான் போட்டிருப்போம், அவுக பக்கத்துல இருப்பாக.

படிச்சதும் இந்தத் தாளை அடுப்புல போட்டிரு. பின்பக்கம் சும்மாதானே இருக்குன்னு பால் கணக்கு எழுதி ஆணியில மாட்டி வச்சிராதே.

உன்,
வேணி