அடக்கம் வேறு, ‘டிஃபிடன்ட்’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் ‘டிஃபிடன்ட்’ (diffident) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘அடக்கமான, கூச்சமுள்ள’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. தன் திறமையில் தனக்கே நம்பிக்கை போதாமல் வரும் தயக்கம் என்பதை விட்டுவிட்டால் அந்தச் சொல்லில் மிச்சம் எதுவும் இல்லை.

ஊட்டி சீசனுக்கு வழிகாட்டியாகப் போகும் பையன் ஒருவன் தொட்டபெட்டாவில் முன்பின் தெரியாத முப்பது பேரைத் தமிழில் சிரிக்க வைப்பான். கூச்சமே கிடையாது, அவனை ‘ஷை’ என்று சொல்ல முடியாது. ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டதும் குரல் இறங்கும், கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே நிற்கும், விடை தெரிந்திருந்தும் டிரைவர் முகத்தைப் பார்ப்பான். இதுதான் டிஃபிடன்ட். ஆங்கிலம் சரளமாக வந்தும் ‘ஏதோ சமாளிப்பேன்’ என்று சொல்லிக்கொள்பவர் ‘மாடஸ்ட்’, அதாவது அடக்கமானவர். ‘அவையஞ்சுதல்’ என்ற பழஞ்சொல் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் டிஃபிடன்ட் ஆக அவையே வேண்டாம், தனியாக உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும்போதும் அந்தத் தயக்கம் வரும்.

நற்சான்றிதழில் இது வம்பில் முடியும். ‘அடக்கமான மாணவி’ என்று நினைத்து டிஃபிடன்ட் என்று எழுதிக் கொடுத்தால், படிப்பவர் ‘தன்னம்பிக்கை குறைவு’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

‘ஹெசிடன்ட் டு ஸ்பீக்’ சரி என்பதால் பலரும் ‘டிஃபிடன்ட் டு ஸ்பீக்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டிஃபிடன்ட் அபௌட் ஸ்பீக்கிங்’ என்பதே வழக்கு. ஆளுக்கு மட்டுமல்ல, பாதி மலர்ந்து நின்றுவிடும் சிரிப்புக்கும், உள்ளே கேட்டதோ இல்லையோ என்று கதவைத் தட்டுவதற்கும் இந்த அடைமொழி பொருந்தும்.

வேர், நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபிடெரே’. கான்ஃபிடன்ட் அதன் உடன்பிறப்பு. தாலுகா ஆபீசில் கேட்கும் அஃபிடவிட்டும் தூரத்து உறவுதான். முதலில் பிறரை நம்பாமையையே இது குறித்தது. மனிதர்கள் சண்டையிட மூன்று காரணங்களில் ஒன்று ‘டிஃபிடன்ஸ்’ என்று 1651-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் எழுதியது அந்தப் பொருளில்தான். சந்தேகம் தன் மேலேயே திரும்பியது பிற்பாடு.

உச்சரிப்பில் மூன்று அசை, அழுத்தம் முதல் அசையில். ‘டிஃப்ரன்ட்’ என்று எழுத வந்து கைதவறி இதை எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போடாது. இரண்டுமே சரியான சொற்கள் ஆயிற்றே.

அடுத்த இணைப்பில் ‘தன் திறமையில் நம்பிக்கை குறைந்து தயங்குகிற’ என்று திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

– ஆங்கில ஆசிரியர்கள் சிலர், கோத்தகிரி