பேன் பார்க்கும் அம்மா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாதபோது வந்து மேஜைமேல் கிடந்திருக்கிறது. மகளின் பேறுகாலத்துக்கு நெதர்லாந்தில் இருக்கும் ஐந்தோவன் ஊருக்குப் போய், விசா கொடுத்த மூன்று மாதத்தையும் முழுசாகத் தீர்த்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். மகள் நன்றாகத் தேறிவிட்டாள். பேத்திக்குத் தலை நிறைய முடி. குளிப்பாட்டித் துவட்டினால் பாதி துண்டு நனைந்துவிடும்.

பையனும் வேலைக்குப் போன பிறகு மதியம் ரெண்டு மணிக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்கூடக் காதில் விழுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து உனக்கு ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னை ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் கூட்டிப்போய் ரைக்ஸ் மியூசியத்தைக் காட்டினார். ரெம்பிராண்டின் பெரிய படத்தின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். நான் அதைத் தாண்டி வந்து, பீட்டர் டி ஹோக் என்பவர் வரைந்த ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். 1660ஐ ஒட்டி வரைந்தது. ஓர் அம்மா பிள்ளைக்குப் பேன் பார்க்கிறாள். படத்தில் நடப்பது அவ்வளவுதான்.

பிள்ளை மண்டி போட்டு அம்மா மடியில் தலையைக் கவிழ்த்திருக்கிறது. அம்மா குனிந்து முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள். பின்னால் சுவருக்குள்ளேயே அலமாரி மாதிரி அடங்கிய கட்டில், அதற்குத் திரை. குளிர் நாட்டில் படுக்கையைச் சூடாக்க நீளக் காம்பு வைத்த செப்புப் பாத்திரம் ஒன்று சுவரில் தொங்குகிறது. முன்னால் குழந்தை வெளிக்குப் போக உட்காரும் மர நாற்காலி. அதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறார். ஒரு பக்கம் கதவு திறந்திருக்கிறது. அதற்குள் இன்னோர் அறை, அந்த அறைக்குப் பின்னால் வெளிக்கதவு, அதற்கும் அப்பால் மரங்களின் பச்சை. ஒரு சின்ன நாய் நம்மைச் சட்டை செய்யாமல் அந்த வெளிச்சத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

அந்தக் கவிழ்ந்த தலையைப் பார்த்ததும் எனக்கு உங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டதடி. உன் அம்மா நம் இருவரையும் வரிசையாக உட்காரவைத்து ஈர்வலியால் இழுப்பார்களே. அசைந்தால் மண்டையில் ஒரு குட்டு. அப்புறம் கொஞ்ச நேரத்தில் அப்படியே கண் சொக்கும். தலையை ஒருவர் கையில் கொடுத்துவிட்ட அந்தச் சொக்கல்தான் படத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் பேன் பார்ப்பதைப் பிள்ளையை ஒழுங்காக வளர்ப்பதற்கு அடையாளமாகவே வைத்திருந்தார்கள். கெரார்ட் டெர் போர்க் என்ற இன்னோர் ஓவியரும் இதையே வரைந்திருக்கிறார்.

டி ஹோக்கின் அப்பா கொத்தனார், அம்மா பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. இது தெரிந்தபின், டெல்ஃப்ட் என்ற டச்சு ஊரின் முற்றம் ஒன்றை அவர் வரைந்த படத்தை, இப்போது லண்டனில் இருக்கிறது, புத்தகத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு செங்கல்லும் தனியாகத் தெரிகிறது. ஒரு வேலைக்காரப் பெண் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வருகிறாள். வளைவு வழிக்குள் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நிற்கிறாள். பெருக்கிவிட்டுப் போட்ட துடைப்பம் தரையில் அப்படியே கிடக்கிறது.

அந்த வளைவின் கீழே 1658 என்று எழுதியிருக்கிறார். அதே வருஷம்தான் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து உன் புகுந்த ஊரான நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டெல்ஃப்டிலும் ஒரு கிளை இருந்தது. சோழமண்டலக் கரைத் துணி அந்தக் கம்பெனிக்குப் பெரிய வியாபாரம். இதை மறந்துவிட்டு அந்த முற்றத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக அந்தப் பேன் பார்க்கும் கையை ஒதுக்கவும் முடியவில்லை. ரெண்டும் கூடவே இருக்கட்டும்.

டி ஹோக் காலத்து டெல்ஃப்ட் ஓவியரான வெர்மீரின் படத்தையும் பார்த்தேன். பால் ஊற்றும் பெண்ணை நீ காலண்டரில் பார்த்திருப்பாய். நேரில் ஒரு முழ உயரம்தான் இருக்கிறது. மெல்லிசாக ஒழுகும் பால், மேஜையில் ரொட்டி, அவளுக்குப் பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவரில் ஓர் ஆணி, அதன் நிழல், பழைய ஆணிகளைப் பிடுங்கிய ஓட்டைகள். சில வருஷம் முன்னால் அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது, அந்த இடத்தில் முதலில் குடுவைகள் மாட்டிய பலகையும், தரையில் கணப்புக் கூடை ஒன்றும் வரையத் தொடங்கியது தெரிந்ததாம். ரெண்டையும் பூசி அழித்துவிட்டார். மிச்சம்தான் அந்த அமைதி.

அவர் செத்தபோது அவருக்குப் பதினோரு பிள்ளைகள் தெரியுமா? 1675, வயசு 43. மாமியார் வீட்டில்தான் குடும்பம். அந்த வீட்டில் அமைதி தானாக வந்து உட்கார்ந்திருக்க வழியே இல்லை. படத்துக்குள் அவராகத்தான் உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும். செத்த அடுத்த மாதமே, ரொட்டிக்காரருக்குப் பாக்கி நின்ற 617 கில்டருக்கு (அந்தக் காலத்து டச்சுப் பணம்) ஈடாக அவர் மனைவி ரெண்டு படங்களைக் கொடுத்துவிட்டார். இதைப் படித்த பிறகு மேஜைமேல் இருக்கும் அந்த ரொட்டியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. தொண்டையை அடைக்கிறது.

இருந்தாலும் எனக்கு டி ஹோக்தான் பிடித்திருக்கிறது. வெர்மீர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அமைதியைக் கொண்டுவருகிறார். இவர் அந்த மர நாற்காலிவரை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, கதவை மட்டும் திறந்துவிடுகிறார். அறைக்குள் அறை, அதற்கப்பால் ஒரு துண்டு வெளிச்சம். இப்படிக் கதவு வழியே எட்டிப்பார்க்கும் காட்சிக்கு டச்சு மொழியில் தனியாக ஒரு பெயரே இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். நான் அங்கிருந்த மூன்று மாதமும் பேத்தி தூங்கும் மதியங்களில் சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் துணி மடித்தேன்.

சரி, உன்னை ஒன்று கேட்கிறேன். ரெண்டு மணிக்கு வீடு வெறிச்சென்று இருப்பதாகச் சொன்னாயே, அப்போது கொல்லைக் கதவு திறந்திருக்கிறதா, தாழ் போட்டே வைத்திருக்கிறாயா? உன் மாமியார் இருந்தவரை அது சாத்தியே நான் பார்த்ததில்லை. அங்கிருந்து கிணற்றடியும் முருங்கையும் தெரியும்.

அந்தப் படத்தின் அஞ்சல் அட்டை ரெண்டு வாங்கினேன், ஒன்று உனக்கு. தை பிறந்ததும் வருகிறேன். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா, அதை நீ எழுதவே இல்லை. உடனே பதில் போடு.

அன்புடன்,
உன் தோழி