மெயில் வரவில்லையா? முதலில் உங்கள் ஸ்பேம் பில்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்னியாகுமரி விடுதிகள், மார்த்தாண்டம் தேன் வியாபாரிகள், முந்திரி ஆலைகள் எனப் பலரும் இன்று சொந்த டொமைன் பெயரில், அதாவது தங்கள் இணையதளத்தின் பெயரில், மெயில் முகவரி வைத்திருக்கிறார்கள். ஐயப்ப சீசன் தொடங்கினால் ஒரே புகார்தான். "அறை கேட்டு அன்றைக்கே மெயில் போட்டேன்" என்பார் வெளியூர்க்காரர். "வரவே இல்லை" என்பார் விடுதிக்காரர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நடுவில் அந்த மெயிலை அழித்தது, விடுதியின் ஹோஸ்டிங் கணக்கில் (இணையதளமும் மெயிலும் இருக்கும் வாடகை சர்வர் கணக்கு) இருக்கும் ஸ்பேம் பில்டர், அதாவது வேண்டாத மெயிலைப் பிடிக்கும் வடிகட்டி.

சி-பேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள கணக்குகளில் இந்த வேலையைச் செய்வது ஸ்பேம் அசாசின் என்ற மென்பொருள். வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் அது மதிப்பெண் போடும். தலைப்பு இல்லாவிட்டால் கொஞ்சம், எழுத்தே இல்லாமல் படம் மட்டும் இருந்தால் கொஞ்சம் எனக் கூட்டி, மொத்தம் 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். இந்த 5-ஐப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எண் குறையக் குறையக் கெடுபிடி கூடும். லேசாக இருக்கட்டும் என்று 2 வைத்தால் நல்ல மெயிலும் மாட்டும்.

அதைவிட ஆபத்தானது, ஸ்பேமைத் தானாக அழிக்கும் 'ஆட்டோ டெலிட்' வசதி. இது இயங்கும் கணக்கில் மாட்டிய மெயில் எந்த போல்டரிலும் இருக்காது. அனுப்பியவருக்கும் திரும்பிவந்த தகவல் போகாது. ஆகவே சி-பேனலில் 'ஸ்பேம் பில்டர்ஸ்' பக்கத்தைத் திறந்து முதலில் இதை அணையுங்கள். அடுத்து, மாட்டிய மெயிலைத் தனி ஸ்பேம் போல்டரில் போடும் 'ஸ்பேம் பாக்ஸ்' வசதியைப் போடுங்கள். எல்லை 5-லேயே இருக்கட்டும். ஒரு வாரம் பார்த்து, நல்ல மெயில் அதிகம் மாட்டினால் 6 அல்லது 7 ஆக்கலாம்.

இதற்குப் பிறகும் மெயில் கண்ணில் படவில்லை என்றால், அலுவலகக் கணினியில் அவுட்லுக் 'பாப்' முறையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாப் இன்பாக்ஸை மட்டுமே இறக்கும். ஸ்பேம் போல்டர் சர்வரிலேயே தங்கிவிடும். எல்லா போல்டரையும் காட்டும் 'ஐமேப்' முறைக்கு (போர்ட் எண் 993) மாற்றுங்கள், அல்லது தினமும் ஒருமுறை பிரவுசரில் திறக்கும் வெப்மெயிலில் நுழைந்து பாருங்கள். அந்த போல்டரும் கணக்கின் இட அளவில்தான் சேரும். காலி செய்யாமல் விட்டு இடம் நிறைந்தால் புது மெயில் எதுவும் உள்ளே வராது.

மாட்டிய மெயிலை வெப்மெயிலில் திறந்து அதன் 'ஹெடர்' எனும் மறைந்திருக்கும் தொழில்நுட்ப விவரங்களைப் பார்த்தால் மதிப்பெண்ணும், அது ஏன் விழுந்தது என்பதும் வரிவரியாக இருக்கும். அங்கே ஸ்பேம் ஸ்கோர் 62 என்று கண்டு பதற வேண்டாம், அது 6.2. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு விழுந்தது என்று தெரிந்த பிறகே அமைப்பில் கை வைக்க வேண்டும்.

யாரோ எப்போதோ எழுதிவைத்த சொல் வடிகட்டிகளும் தொல்லைதான். 'கன்டெய்ன்ஸ்' என்ற நிபந்தனை எழுத்து வரிசையைப் பார்க்குமே தவிர முழுச் சொல்லைப் பார்க்காது. ஆங்கிலத்தில் 'ரேட்' என்று போட்டால் 'கார்ப்பரேட்' என்ற சொல் உள்ள கடிதமும் போய்விடும். சி-பேனலில் வடிகட்டியைச் சோதிக்கத் தனிப் பெட்டியே இருக்கிறது. வராமல் போனதாகச் சொல்லப்படும் மெயிலின் வாசகத்தை அதில் ஒட்டிப் பாருங்கள்.

ஸ்பேம் என்று பிடிக்காமல் உள்ளே விடும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கும்போது முழு முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில் முழுவதையும் சேர்த்தால் ஸ்பேமுக்கும் கதவு திறந்துவிடும். சொந்த டொமைனைச் சேர்ப்பது அதைவிட மோசம். உங்கள் மேலாளர் பெயரில், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் பணம் போடுங்கள்" என்று வரும் போலி மெயில் தடையின்றி உள்ளே வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இணையதளத்தின் தொடர்புப் படிவத்திலும் ஒரு கோளாறு அடிக்கடி காண்கிறோம். படிவம் அனுப்பும் மெயிலில் அனுப்புநராக வாடிக்கையாளரின் முகவரியையே வைத்துவிடுகிறார்கள். யாகூ போன்ற நிறுவனங்கள், தங்கள் பெயரில் வேறு சர்வர் அனுப்பும் மெயிலை நிராகரிக்கச் சொல்லி 'டிமார்க்' பதிவு வைத்திருக்கின்றன. அதனால் அந்த விசாரணை உங்களிடம் வந்து சேராது. அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் முகவரியும், 'ரிப்ளை டு' இடத்தில் வாடிக்கையாளர் முகவரியும் இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பும் பதில் மறுமுனையில் ஸ்பேமுக்குப் போனால் 'இமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்தில் எஸ்.பி.எஃப். (உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு), டி.கே.ஐ.எம். (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பதிவு) இரண்டும் சரியா என்று பாருங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, கூகுளுக்கு ஒன்று என இரண்டு வைத்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். டொமைனின் இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வர் வேறு நிறுவனத்தில் இருந்தால் சி-பேனலின் 'ரிப்பேர்' பொத்தான் பயன்படாது. பதிவை அங்கே போய்த்தான் ஒட்ட வேண்டும்.

மாவட்டத்தில் இணையதளம் செய்து கொடுப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கணக்கை ஒப்படைக்கும் நாளில் ஆட்டோ டெலிட்டை அணைத்துவிட்டு, சி-பேனல் கடவுச்சொல்லையும் உரிமையாளர் கையில் கொடுங்கள். மெயில் ஏன் வரவில்லை என்பதைக் காட்டும் 'ட்ராக் டெலிவரி' பதிவு சில நாள்கள்தான் சர்வரில் இருக்கும். கடவுச்சொல் யாரிடம் என்று தேடி முடிப்பதற்குள் அது அழிந்துவிடுகிறது.

– இணையதளப் பராமரிப்புப் பணியாளர்கள், நாகர்கோவில்